ஒரு நடுவர் ஒதுங்கினால்

"அப்போ எனக்கு நீங்க மார்க்கே போட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஒண்ணு கூடவா?"

"அரை கூட."

"சரி, மார்க் வேணாம். நான் பேசும்போது தலையாவது ஆட்டுவீங்களா?"

"ஆட்ட மாட்டேன். கடைசி வரிசையில போய் உக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்துச் சிரித்தான். "இது யார் வீடுன்னு மறந்துட்டியா? சொந்தப் புள்ளைக்கே லைசென்ஸ் குடுக்காம ரெண்டு தடவ ஃபெயில் பண்ணின ஆபீசரோட வீடு. இங்க வந்து மார்க் கேக்கறியே!"

"ரெண்டு தடவயும் நீ கம்பத்துல இடிச்ச, தம்பி."

"ஒரு தடவதான் அண்ணி கம்பம். இன்னொரு தடவ அப்பாவோட ஸ்கூட்டர்."

மூன்று பேரும் சிரித்தார்கள். வண்டியை ஓட்டியவன் அந்த வீட்டின் இளைய மகன். பின்சீட்டில் மடிக்கணினியைப் பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி, சின்னவள். அவளுக்குப் பக்கத்தில், கொட்டாவியை மறைத்தபடி இருந்தவள் அவன் அண்ணி, பெரியவள். ஓரகத்திகள் இருவருமே குழந்தைகள் டாக்டர்கள். ஆஸ்பத்திரிதான் வேறு வேறு.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்தது என்று தெரியும். டாக்டர்கள் மாநாட்டில் பேப்பர் படிக்கப் போவதாகச் சொன்ன சின்னவள், பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். முதல் பரிசு வாங்குகிறவருக்குத் தொலைதூர நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்த குழந்தைகள் பிரிவில், ஆறு மாதப் பயிற்சி. "ஆறு மாசமா?" என்று மாமனார் கேட்டார். பெரியவள் எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடியும் கழுவினாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்று சாயங்காலம் மாநாட்டிலிருந்து போன் வந்தது. நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாகப் பெரியவள் வர முடியுமா என்று. அவள் சரி என்று சொல்லி வைத்த பிறகுதான் எந்த அரங்கம் என்று பார்த்தாள். பேசுகிறவர்கள் ஆறு பேர். ஐந்தாவது பெயர் சின்னவளுடையது.

பெரியவள் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். சின்னவள் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததென்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் முதுகில் ஆபரேஷன் ஆகி அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, டியூட்டி முடிந்து வந்த அலுப்போடு, தலைமாட்டில் பேசின் வைத்து அவளுக்குத் தலை அலசிவிட்டவள் இந்தச் சின்னவள். முகம் சுளித்ததில்லை. சின்னவளின் மகள், வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடுகிற அந்தக் குட்டி, நடை பழகியதே பெரியம்மாவின் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான். இன்றைக்கும் பெரியம்மாவின் கழுத்தில் கையைப் போட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நன்றி, போடு போடு என்று கையை மேலே இழுக்கிறது. இன்னொரு பக்கம், இவள் ஜெயித்தால் வாண்டையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளே என்ற பயம் கையைக் கீழே அழுத்துகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எந்த மனுஷியால் நேராக ஒரு எண்ணை எழுத முடியும்?

அதனால்தான் அந்த "மாட்டேன்".

*

அரங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு மூத்த அறுவைச் சிகிச்சை டாக்டர். அவரும் ஒரு நடுவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. ஆபரேஷன் தியேட்டரில் கிடைத்த பெயர் இல்லை. மார்க் போடுவதில் கிடைத்தது. பத்துக்கு ஏழைத் தாண்டினால் அவர் பேனாவில் மை இறங்காது என்று சொல்வார்கள்.

மூன்றாவது நடுவருக்கு ரேடியோ என்று பெயர். அவருடைய குரல் அப்படி. தன்னைப் போலவே கணீரென்று பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஒரு கனிவு.

பெரியவள் நேராகக் கத்தரியிடம் போனாள். "சார், அஞ்சாவதா பேசறவங்க என் ஓரகத்தி. ஒரே வீடு. நான் போடக் கூடாது."

கத்தரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சொன்னதுக்கு சந்தோஷம் டாக்டர். அந்த ஒருத்தருக்கு மட்டும் நீங்க போட வேணாம். எங்க ரெண்டு பேர் சராசரிய எடுத்துக்குவோம். மத்தவங்களுக்கு மூணு பேர் சராசரி. எப்பவும் செய்யறதுதான்."

பெரியவளுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முதலில் பேச வந்தவன் சிவப்பு டை கட்டிய ஒரு இளைஞன். முதலில் பேசுகிறவன் பாவம். இன்னும் எத்தனை நல்லது வருமோ என்று நடுவர்கள் மார்க்கைக் கைக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். பெரியவளுக்கு அதற்கொரு வழக்கம் உண்டு. முதல் இரண்டு பேருக்குப் பென்சிலில் போடுவாள். நாலு பேரைக் கேட்ட பிறகு திரும்பி வந்து, அழித்துப் பேனாவில் போடுவாள். டை பையனின் பேச்சு ஆஸ்துமாக் குழந்தைகள் மருந்தை உறிஞ்சும்போது செய்கிற தவறுகளைப் பற்றியது. அருமையாகச் செய்திருந்தான். சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்பிப் போன குழந்தைகள் அந்தத் தவறுகளைத் திருத்திக்கொண்டார்களா என்று பெரியவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். பென்சிலில் எட்டு என்று இருந்தது, பிறகு பேனாவில் ஒன்பது ஆனது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியவள் தாராளக் கை. எட்டுக்குக் கீழே போட்டால் அவளுக்கு ராத்திரி சோறு இறங்காது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தாராளம். கத்தரி எல்லோருக்கும் ஒரே மாதிரி கஞ்சம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அவளும் இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டார்கள். பெரியவள் பேனாவை மூடி, எழுந்து, கடைசி வரிசைக்குப் போனாள்.

ஜன்னலைப் பார்ப்பதாகத்தான் சொல்லியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் காயப்போட்ட தரைத்துணியும் தவிர ஒன்றுமில்லை. எத்தனை நேரம்தான் அதைப் பார்ப்பது?

சின்னவளின் குரல் ஒலிபெருக்கியிலும் மெல்லியதாகத்தான் வந்தது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்துவார்கள். ஒரு டாக்டர் காலையில் ஒரு பரிசோதனை எழுதுவார், இன்னொருவர் மதியம் வேறொன்று எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குத்து. எல்லோரும் காலையிலேயே கூடிப் பேசி, வேண்டியதை ஒரே குத்தில் எடுத்தால் என்ன? சின்னவளின் வார்டில் அதைச் செய்துபார்த்தார்கள். குத்துகள் பாதிக்கு மேல் குறைந்தன. அவ்வளவுதான் ஆய்வு. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. திரையில் கட்டைவிரல் அளவே இருந்த ஒரு குதிகாலின் படம்.

தடுமாறட்டுமே.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை அந்த எண்ணம். ஒரே ஒரு கணம்தான். இவள் தடுமாறினால் வாண்டு வீட்டோடு இருக்குமே என்று. பெரியவளுக்கு முகம் சுட்டது. திரைக்காக விளக்குகளை அணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

ரேடியோ கேள்வி கேட்டார். "வலி குறைஞ்சதுன்னு முடிவுரையில போட்டிருக்கீங்களே டாக்டர். வலிய எப்படி அளந்தீங்க?"

சின்னவள் தன் முடிவுரையை ஒரு தடவை திரும்பிப் படித்தாள்.

"அளக்கல சார். குத்து எத்தனைன்னுதான் எண்ணினோம். வலி குறைஞ்சதுன்னு நான் எழுதினது தப்பு. குத்து குறைஞ்சதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கணும்."

கத்தரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார்.

*

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காகிதக் கோப்பைகளில் ஆறிப்போன தேநீர். ரேடியோ எண்களைப் படிக்க, கத்தரி கூட்டினார். பெரியவள் தூரத்தில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல பேசின பையன், டை. நான் அஞ்சு, நீங்க ஏழு, டாக்டரம்மா ஒம்போது. சராசரி ஏழு," என்றார் கத்தரி. "அஞ்சாவது பொண்ணு. நான் ஏழு. நீங்க ஆறு. ஆறரை."

"மத்தவங்க எல்லாம் கீழ இருக்காங்க. அப்போ பையனுக்கு முதல் பரிசு, பொண்ணுக்கு ரெண்டாவது," என்று ரேடியோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "முடிஞ்சுது. பசி உயிர் போகுது."

இரண்டாவது. அப்படியானால் ஆறு மாதம் இல்லை. வாண்டு எங்கும் போகாது. பெரியவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது.

கத்தரி ஏழு போட்டது இந்த அரங்கத்திலேயே ஒரே ஒருத்திக்கு. கத்தரியின் உச்சியைத் தொட்டவள் எப்படி இரண்டாவதாக வந்தாள்? ரேடியோ பையனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு மார்க் கூட. அப்படியானால் பையனைத் தூக்கிவிட்டது எது?

தன்னுடைய ஒன்பது.

மற்ற ஐந்து பேருக்கும் தன் தாராளம் போயிருக்கிறது. சின்னவளுக்கு மட்டும் போகவில்லை. கஞ்சக் கைகள் இரண்டோடு அவளைத் தனியாக விட்டுவிட்டுத் தான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டோம். நியாயம் என்று நினைத்துச் செய்தது, நேராக அவள் தலையில் போய் விழுந்திருக்கிறது.

வாயைத் திறந்தால் என்ன சொல்வார்கள்? காலையில் பெரிய மனுஷியாய் ஒதுங்கினவள், டோட்டலைப் பார்த்ததும் தன் வீட்டு ஆளுக்காக வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள். திறக்காவிட்டால்? நல்ல பேரும் மிச்சம், வாண்டும் மிச்சம். சும்மா இருப்பதற்கு இவ்வளவு பெரிய கூலி அவளுக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை.

"சார்," என்றாள். "இது தப்பு."

"எது?"

"நான் எல்லாருக்கும் எட்டு, ஒம்போதுன்னு போடறவ. அவளுக்கு மட்டும் என் மார்க் இல்ல. அப்போ அவ சராசரி தானா இறங்கிடுது. நான் ஒதுங்கினதுக்கு அவ தண்டம் கட்டறா."

ரேடியோவின் புருவம் மேலேறியது. "டாக்டரம்மா, இத டோட்டல் போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் கேட்டதில் தவறில்லை.

"சொல்லியிருக்கணும் சார். முன்னாடி தோணல. நீங்க சந்தேகப்படறது நியாயம்தான். அதனால அவளுக்கு மார்க் சேருங்கன்னு நான் கேக்கல. என் மார்க்க எல்லாருக்கும் எடுத்துடுங்க. ஆறு பேருக்கும் உங்க ரெண்டு பேர் மார்க் மட்டும் இருக்கட்டும். அதுவும் சரியில்லன்னு தோணுச்சுன்னா இப்படியே விட்டுடுங்க. நான் வெளிய இருக்கேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் ஆய்வுச் சுவரொட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் முன்னால் நின்று படிப்பது போலப் பாவனை செய்தாள். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. அந்தப் பையனின் சிவப்பு டைதான் கண்ணில் நின்றது. அவன் ஒன்பதுக்குத் தகுந்தவன். தானே கொடுத்ததைத் தானே பிடுங்குகிறோமே.

கதவு திறந்தது. கத்தரி வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஒண்ணு பண்ணிப் பாத்தேன் டாக்டர். அஞ்சாவது பொண்ண விட்டுடுவோம், அது உங்க வீடு. மத்த ஆளுங்கள ஒவ்வொருத்தரா எடுத்து, நீங்க இவருக்குத்தான் ஒதுங்கினீங்கன்னு வச்சுக்கிட்டுக் கூட்டினேன்."

"என்னாச்சு சார்?"

"ஒவ்வொரு ஆளும் குப்புற விழறான். அந்த டை பையனும்தான். நீங்க யாருக்கு ஒதுங்கினாலும் அவன் காலி." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எத்தனையோ வருஷமா இப்படித்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம். எத்தனை பேரை இப்படித் தள்ளிவிட்டோமோ. என்னைக் கத்தரின்னு சொல்றாங்களே, நான் எல்லாரையும் ஒரே அளவாத்தான் வெட்டறேன். நீங்கதான் டாக்டர், அள்ளிக் குடுத்தே ஒருத்தியக் கவுத்துட்டீங்க."

அவள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றாள். "ரொம்ப நன்றி சார்."

"எனக்கு எதுக்கு நன்றி? ரேடியோ உள்ள உக்காந்து, ஏன் இது நமக்குத் தோணலன்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டு இருக்காரு. அவர் திட்டறதும் செய்தி வாசிக்கற மாதிரியே இருக்கு." கதவைத் தள்ளியவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா உங்களுக்குத்தான் நல்ல பேரு. தெரிஞ்சேதான் சொன்னீங்க இல்ல?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு அரங்கத்தை நோக்கி நடந்தாள்.

*

முடிவை அறிவித்தபோது கத்தரி எதையும் மறைக்கவில்லை. ஒரு நடுவர் ஒரு பேச்சாளரின் வீட்டார் என்பதால், அவருடைய மார்க் ஆறு பேரில் யாருக்கும் சேர்க்கப்படவில்லை என்றார். முதலில் வேறு மாதிரி கூட்டியதையும், அது ஏன் தவறு என்று அந்த நடுவரே எடுத்துக்காட்டியதையும் சொன்னார். பிறகு சின்னவளின் பெயரைச் சொன்னார்.

கைத்தட்டல் அடங்கியதும் டை பையன்தான் முதலில் வந்தான். தன்னிடம் நியாயம் கேட்கத்தான் வருகிறான் என்று பெரியவள் நினைத்தாள்.

"மேடம், நீங்க கேட்ட கேள்வி, ஊருக்குத் திரும்பிப் போன குழந்தைகள் பத்தி. அத நான் யோசிக்கவே இல்ல. அடுத்த ஆய்வு அதுதான்." பையன் தயங்கினான். "அப்புறம், முதல்ல பேசறவனுக்கு யாரும் கேள்வியே கேக்க மாட்டாங்க. நீங்க கேட்டீங்க. தேங்க்ஸ் மேடம்."

"நீ ரொம்ப நல்லா பேசினப்பா," என்றாள்.

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் சான்றிதழ், முகமெல்லாம் ஈரம். "எனக்காகவாக்கா பேசினீங்க?"

"உனக்காக இல்ல. கணக்கு தப்பு."

"எனக்காக இல்லன்றதாலதான்க்கா அழுகையா வருது." அவள் பெரியவளின் தோளில் முகத்தைப் புதைத்தாள். "எனக்காகன்னு சொல்லியிருந்தா இத நான் திருப்பிக் குடுத்திருப்பேன்."

பெரியவள் அவள் முதுகைத் தடவினாள். "போன வருஷம் எனக்குத் தலை அலசிவிட்டியே. ஒரு நாள்கூட நான் உனக்கு நன்றின்னு சொன்னதில்ல."

"இப்போ சொல்லாதீங்க. யாராவது கேட்டா லஞ்சம்னு நினைச்சுக்குவாங்க."

"பரிசு அறிவிச்சாச்சு. இப்போ சொல்லலாம். நன்றிடீ."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் காகிதக் கோப்பையோடு நின்ற யாரோ ஒருவர், இது என்ன சண்டையா சமாதானமா என்று தெரியாமல் மெல்ல நகர்ந்துபோனார்.

*

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் கொழுந்தன் வண்டியை நிறுத்தினான். வழி நெடுக அவன்தான் பேசிக்கொண்டு வந்தான். அப்பாவிடம் முதலில் யார் சொல்வது, அவர் என்ன சொல்வார், அண்ணியின் கதையைக் கேட்டால் அவருக்கு மார்பு எவ்வளவு விரியும் என்றெல்லாம். "டயருக்குக் காத்தடிச்சுட்டு வந்துடறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் மறுபடி அழுதுடாதீங்க," என்று இறங்கிப் போனான்.

சின்னவள் சான்றிதழின் மூலையை மடக்கினாள், நீவினாள், மறுபடி மடக்கினாள்.

"எனக்கு அந்த ஆறு மாசம் வேணும்க்கா," என்றாள். "ரொம்ப வேணும். பரிசு அறிவிச்ச அந்த நிமிஷம் வாண்டு ஞாபகமே எனக்கு வரல. அப்புறம் வந்துச்சு. வந்ததுலேருந்து வேற எதுவும் ஓடல."

பெரியவள் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போனா நாள் முழுக்க யாரோ ஒருத்தர்கிட்ட விடணும். விட்டுட்டுப் போனா, திரும்பி வரும்போது அவ என்னை யாருன்னு பாப்பாளோன்னு பயமா இருக்கு. உங்களுக்கும் அவளப் பிரிய முடியாது. எனக்குத் தெரியும். போன வாரம் நீங்க கழுவின தட்டையே கழுவினதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வெளியே காற்று சீறுகிற சத்தம் கேட்டது. கொழுந்தன் குனிந்து இரண்டாவது டயருக்குப் போனான்.

"உங்களுக்கு இதுல ஆசை இருக்கு, பயம் இருக்கு, எல்லாம் இருக்கு. காலையில மாதிரி பாத்தா நீங்க இதுல வாயே திறக்கக் கூடாது." சின்னவள் திரும்பி, பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "ஆனா இதுல மட்டும் ஒதுங்கிடாதீங்கக்கா. அவளக் கூட்டிட்டுப் போகவா, உங்ககிட்ட விட்டுட்டுப் போகவா, இல்ல போகவே வேணாமா? அவர் வர்றதுக்குள்ள நீங்க சொல்லுங்க."